கவர்னர் ஏறாத குன்று

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கரமனை ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு தெருவுக்குள் நுழைகிறேன். வாசலில் எதிர்வீட்டு மைதிலி. எட்டாம் வகுப்பு, இரட்டைப் பின்னல். கையில் ஒரு புத்தகம் — நான் எழுதியது.

தன் புத்தகத்தை இன்னொருவர் கையில் பார்ப்பதுபோல ஒரு சுகம் உண்டா? அரை நிமிஷம்தான் நீடித்தது.

"மாமா, இதுல வர்ற குன்று நெஜம்தானே?"

அந்தப் புத்தகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சென்னைப் பதிப்பாளர் கடிதம் போட்டார். சிறுவர்களுக்கான வாழ்க்கை வரலாற்று வரிசை. என் பங்குக்கு வந்தவர் டச்சுக்காரர்கள் காலத்தில் கொச்சியில் இருந்த ஒரு கவர்னர். பெயர் வேண்டாம், எனக்கே வாயில் நுழையாது. மலையாளக் கரையின் செடிகொடிகளையெல்லாம் படம் வரையச் செய்து தொகுத்தவர். நல்ல விஷயம்தானே? ஒரே ஒரு நிபந்தனை: முதல் அத்தியாயத்தில், நற்குணம் விளங்கும்படி ஒரு சிறு வயதுச் சம்பவம் கட்டாயம்.

தேடினேன். மனிதர் தொப்பியோடும் வாளோடும்தான் பிறந்திருப்பார் போலிருக்கிறது... குழந்தைப் பருவமே அகப்படவில்லை. பதிப்பாளரோ கார்டுமேல் கார்டு.

சம்பவம் ஒன்றை நானே இட்டுக்கட்டிவிட்டேன். ஒன்பது வயதுப் பையன். வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று. விடியற்காலைப் பனிக்குள் ஏறுகிறான். உச்சியில் பெயர் தெரியாத மஞ்சள் பூ. பறித்து இறங்கும்போது சறுக்கி, முழங்கால் கிழிந்து, ரத்தம் வழிய... பூவை மட்டும் விடவில்லை.

எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைத்தான் மைதிலி பள்ளிக்கூடக் கதைப் போட்டியில் சொல்லி முதலாவதாக வந்திருக்கிறாள். சனிக்கிழமை ஜில்லாப் போட்டி. நடுவில் வந்தார் ஜியாக்ரபி டீச்சர். ஹாலந்தில் ஏது குன்று? வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் இரண்டாவதாக வந்த பெண் போவாள்.

"எழுதினவாளுக்குத் தெரியாதான்னு டீச்சரைக் கேட்டுட்டு வந்துட்டேன். நீங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போறும், மாமா."

உள்ளேயிருந்து என் மனைவி: "குடுங்கோளேன். கையெழுத்துப் போடணும்னா உங்களுக்குக் கசக்குமா?"

"குன்றுன்னா... பெரிசா இல்லே மைதிலி. ஒரு மேடு மாதிரி..."

"அரைமணி ஏறினான்னு போட்டிருக்கேளே."

அவள் போனதும் அட்லஸை எடுத்தேன். அந்த நாடு கிட்டத்தட்ட முழுக்கப் பச்சை. தோசைக்கல் மாதிரித் தட்டை.

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? எப்படித் தோன்றும்? இந்த ஊரில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஏற்றம். ஏறி முடித்தால் இறக்கம். சைக்கிள் வைத்திருப்பவன் பாதி வழி அதைத் தள்ளிக்கொண்டு போகிறான். மழை மேகம்கூட இங்கே மூச்சு வாங்கித்தான் வந்து சேருகிறது. உலகம் என்றாலே மேடும் பள்ளமும்தான் என்று என் கால்கள் முடிவு கட்டிவிட்டன. தலையை யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை லெட்டர் எழுதினேன். 'குன்று உண்டு.' இரண்டே சொல். கவிதைக்கு ராத்திரி பகலாகத் தவிக்கிறவன் பொய்யை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்... வெள்ளிக்கிழமை காலை அவள் கையை நீட்டினாள். எனக்குக் கொடுக்க வரவில்லை.

"நானே வரேன்" என்றேன்.

டீச்சரிடம் நின்றுகொண்டே சொன்னேன். "குன்று என்னுடையது. தப்பும் என்னுடையது. குழந்தை படித்ததைத்தான் சொன்னாள்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாரே, அப்போ அந்தக் கதையில நெஜம்னு எதாவது உண்டா?"

"முழங்கால் கிழிந்தது நிஜம். என் முழங்கால், சின்ன வயதில் ஒரு குன்றில்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, குட்டி போகட்டும். பக்ஷே குன்னு வேண்டா, கேட்டோ?"

மைதிலி என்னைப் பார்க்கவில்லை. வகுப்புக்குள் போய்விட்டாள். குன்று வேண்டாமாம்; அது இல்லாமல் அந்தக் கதையில் மிச்சம் என்ன? போட்டி கிடைத்தது, கதை போயிற்று.

சனிக்கிழமை மாலை கையில் ஒரு கோப்பையோடு வந்தாள். இரண்டாம் பரிசு.

"என்னதான் சொன்னே?"

"கவர்னரோட நாட்டுல குன்றே கெடையாது, இதை எழுதினவர் எங்க எதிராத்து மாமா, ஏறினதும் அவர்தான், விழுந்ததும் அவர்தான்னு ஆரம்பிச்சேன். எல்லாரும் சிரிச்சா. அப்பறம் பேசாம இருந்து கடைசிவரை கேட்டா."

என் மனைவி பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கிய மைதிலி திரும்பினாள். "மாமா, நீங்க விழறச்சே பூவை விடாமத்தானே வெச்சிண்டிருந்தேள்?"

முழங்கால் தழும்பைக் காட்டினேன். அவள் அசையவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

பூவை விடாதிருந்தால் நானும் கவர்னராகியிருப்பேனே.