மூங்கில் மீது ஒரு புகார்

அலுவலகத்தில் அவளுக்குத் 'துருவி' என்று பெயர். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று அவள் இன்னும் துருவிக்கொண்டுதான் இருக்கிறாள்.

வாஷிங் மெஷின் விற்கும் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. ஜன்னலே இல்லாத நீள அறை. தடுப்புப் பலகைகளுக்கு இடையில் ஆளுக்கொரு நாற்காலி, காதில் ஹெட்போன். தண்ணீர் வடியவில்லை, சுற்றும்போது மெஷின் நகர்ந்து கதவை மறிக்கிறது, சட்டையில் பொத்தானே மிஞ்சவில்லை என்று நாள் முழுக்கக் குரல்கள் வந்துகொண்டே இருக்கும். எதையும் அவள் கேட்டவுடன் நம்பிவிட மாட்டாள். நடுவில் சம்பந்தமில்லாமல், "மெஷினுக்கு எந்தப் பக்கம் சுவர் இருக்கு?" என்பாள். உண்மையிலேயே மெஷின் முன்னால் நின்று பேசுகிறவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். எங்கேயோ உட்கார்ந்து கதை கட்டுகிறவர் கொஞ்சம் இழுப்பார். அந்த இழுவை அவளுக்குப் போதும்.

வீட்டிலும் அப்படித்தான். அவள் கணவர் மரச்சாமான் கடையில் தச்சர். வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவதே அபூர்வம். ஒருமுறை அவளுக்குக் கழுத்து வலி என்று புதுத் தலையணை ஒன்று வாங்கி வந்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன உடைச்சீங்க?" என்றாள். அவர் அதை அவள் பக்கம் வைத்துவிட்டுத் தன் பழைய தலையணையில் படுத்துவிட்டார். பிறகு பார்த்தால், எதையும் உடைக்கவில்லை.

இப்படி யாரையும் எளிதில் நம்பாதவள் முழுசாக நம்பி உட்கார்ந்த ஒரே இடம், கைப்பேசியில் ஆடும் ஒரு கப்பல் விளையாட்டு.

தங்கை கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போனபிறகு இருவரும் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. ஒரு கப்பலில் ஆறு பேர். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் வந்து ஏறுவார்கள். ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும், ஒருவர் பாய் இழுக்க வேண்டும், ஒருவர் உள்ளே புகும் நீரைப் பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும். புயலைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்த்தால் வெற்றி. வேலை முடிந்து வந்ததும், அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் ஒரு பயணம். தங்கை சுக்கானைத் தப்பாகத் திருப்பிப் பாறையில் மோதுவாள். முன்பின் தெரியாத யாரோ, 'கப்பலை ஓட்டுறீங்களா, உழுறீங்களா?' என்று எழுதுவார். அக்காவும் தங்கையும் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

பிறகு விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்தது. அலைகள் அழகாகின. வானம் நிறம் மாறியது. முன்பெல்லாம் ஆள் சேரக் காத்திருக்க வேண்டும். இப்போது நினைத்தவுடன் கப்பல் நிறைந்தது. ஆனால் ஏறியவர்கள் யாரும் பேசவில்லை. சண்டை போடவில்லை, தப்புச் செய்யவில்லை, பாதியில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று ஓடவில்லை.

"சவ ஊர்வலம் மாதிரி இருக்கு அக்கா," என்றாள் தங்கை. கொஞ்ச நாளில் வருவதையே விட்டுவிட்டாள்.

துருவிக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் மனிதர்களே அல்ல. ஆடுகிற கூட்டம் குறைந்துபோனதை மறைக்க, நிறுவனமே பொம்மைகளைச் செய்து, ஆள் பெயர் வைத்து ஏற்றிவிடுகிறது.

புகார் எழுத உட்கார்ந்தாள். கணவர் எட்டிப் பார்த்தார்.

"பிடிக்கலேன்னா விட்டுடேன். விளையாட்டுதானே, வாங்கின செருப்பா கடிக்குதுன்னு சொல்ல?"

"செருப்புன்னா காலைத்தாங்க கடிக்கும். இதுல என்னை முட்டாளாக்குறாங்க."

"எழுதினா மட்டும் கேட்டுடப் போறாங்களா? உனக்குத் தெரியாததா?"

அது அவளுக்கு நன்றாகவே தெரியும். பதில் வந்தபோது முதல் வரியிலேயே சிரித்துவிட்டாள். 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அவள் அலுவலகத்தில் அதே வரிக்கு ஒரு விசை உண்டு. தட்டினால் முழுசாக வந்து விழும். 'எங்கள் விளையாட்டில் இருப்பவர்கள் அனைவரும் உண்மையான நபர்களே' என்று அடுத்த வரி. அதற்கும் ஒரு விசை இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் பொதுப்பக்கம் ஒன்று இருந்தது. அங்கே போய் எழுதினாள். பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். மீதிப் பேர், ஓசியில் ஆடிக்கொண்டு குறை வேறா என்றார்கள். 'கொக்கு' என்ற பெயரில் ஒருவர் அவள் எதை எழுதினாலும் வந்து நின்றார். 'புலம்பிப் புலம்பி என்ன ஆகப்போகுது? நல்லா இல்லேன்னா கிளம்புங்க. நாங்களாவது நிம்மதியா ஆடுறோம்.'

இவர் அந்த நிறுவனத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். குறை சொன்னால் இவருக்கு ஏன் சுருக்கென்று தைக்கிறது?

பொத்தாம்பொதுவாகச் சொல்கிற புகாரை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அவளுடைய தொழில் பாடம். கையும் களவுமாக ஒன்றைப் பிடித்துக் காட்ட வேண்டும். அவள் கண்ணில் பட்டது 'மூங்கில்'.

மூங்கில் எப்போது பார்த்தாலும் கப்பலில் இருக்கும். எப்போதும் பம்ப் வேலைதான். அடிப்பதும் ஒரே மாதிரி: இரண்டு அழுத்து, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அழுத்து. புயலானாலும் அமைதியானாலும் அதே கதி. விளையாட்டில் எழுதத் தெரியாதவர்களுக்காகச் சில சொற்கள் பொத்தானாகவே இருக்கும். மூங்கில் அவற்றைத் தவிர வேறு பேசியதில்லை. சரி, போகலாம், நன்றி. அவ்வளவுதான்.

ஒருநாள் அவள் தன் வழக்கமான தூண்டிலைப் போட்டாள். 'நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல ஜன்னல் எந்தப் பக்கம்?' என்று எழுதினாள்.

வெகுநேரம் கழித்து மூங்கிலிடமிருந்து வந்தது: 'நன்றி.'

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மாட்டிக்கொண்டது. பெயர், பம்ப் அடிக்கும் விதம், ஜன்னல் கேள்வி, அதற்கு வந்த பதில் எல்லாவற்றையும் படம் பிடித்து நிறுவனத்துக்கு அனுப்பினாள்.

இந்தமுறை விசை தட்டாத பதில் வந்தது. ஆராய்ந்து பார்த்ததாகவும், அந்தக் கணக்கு இயந்திர நிரலால் இயக்கப்படுவதாகத் தெரிவதால் முடக்கிவிட்டதாகவும், தகவலுக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள்.

கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டே படித்தார்.

"பரவாயில்லையே," என்றார். "கேட்டிருக்காங்க."

அவளும் அன்று, மூங்கிலைப் பிடித்துக் கொடுத்தது தான்தான் என்று பொதுப்பக்கத்தில் போட்டுவிட்டு, தலை நிமிர்ந்துதான் இருந்தாள். மறுநாள் பேருந்தில் நின்றபடி யோசித்தபோதுதான் ஏதோ இடறியது. பொம்மைகளைச் செய்து விட்டது நிறுவனம். தான் செய்து விட்ட பொம்மையைத் தானே ஏன் பிடித்துக் கொடுக்க வேண்டும்? அன்று மாலை கப்பலில் ஏறிப் பார்த்தாள். மற்ற ஊமைகள் அப்படியே இருந்தன, குறையில்லாமல் பாய் இழுத்துக்கொண்டிருந்தன. மூங்கில் மட்டும்தான் இல்லை.

சில நாட்கள் கழித்துப் பொதுப்பக்கத்தில் அவளுக்குத் தனிச்செய்தி ஒன்று வந்தது. 'மூங்கில் என் கணவர். உங்களிடம் பேச வேண்டும்.' கீழே ஒரு எண்.

"ஏமாத்து வேலை," என்றாள் அவள். "நான் கூப்பிட்டதும் ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு ஆரம்பிப்பாங்க பாருங்க."

"ஆரம்பிச்சா போனை வச்சிடு," என்றார் கணவர். "கூப்பிடாம இருந்தா நீ தூங்க மாட்டே. என்னையும் தூங்க விட மாட்டே."

கூப்பிட்டாள். அடங்கிய குரலில் வயதான பெண் ஒருத்தி பேசினாள்.

"நீங்கதானா அது? கோபமா பேசறதுக்காகக் கூப்பிடச் சொல்லலம்மா. கணக்கைத் திருப்பித் தரச்சொல்லி நானும் எழுதிப் பார்த்தேன். புகார் கொடுத்தவங்க சொன்னா கேப்பாங்களோன்னுதான் உங்களைத் தேடினேன்."

"அவரே பேச மாட்டாரா?"

"பேச்சு வராதும்மா. துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு, எழுத்தும் கோர்வையா வரல. இடது கை மட்டும் சொன்னபடி கேக்குது. அந்த விளையாட்டுல பொத்தான் இருக்கில்ல, சரி, நன்றின்னு. அதை வச்சுதான் எல்லாம். நான் தண்ணி கொடுத்தாக்கூட அதைத் திறந்து நன்றின்னு அமுக்கிக் காட்டுவாரு."

கதை அழகாக இருந்தது. அழகான கதைகளைத்தான் துருவி நாள் முழுக்கக் கேட்கிறாள்.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள். "அவர் பக்கத்துல இருக்காரா? பம்ப் எப்படி அடிப்பாருன்னு கொஞ்சம் தட்டிக் காட்டச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு கேட்டது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு மரப்பலகையில் விரல் தட்டும் ஓசை. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். நிறுத்தச் சொல்லும்வரை அது நிற்கவில்லை.

"கேட்டுச்சாம்மா?" என்றாள் அந்தப் பெண். பிறகு, "ஜன்னல் எங்கேன்னு கேட்டீங்களாமே. அன்னிக்குப் பூரா ஜன்னலைக் கையைக் காட்டிக்கிட்டே இருந்தாரு. திறக்கச் சொல்றாரோன்னு திறந்தேன். இல்லேன்னு தலையாட்டினாரு. மூடினேன். அதுக்கும் இல்லேன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறமா எழுத்தைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்காருன்னு."

போனை வைத்தபின் துருவி சமையலறைக்குப் போனாள். எதற்குப் போனோம் என்று தெரியாமல் குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர் வந்து குழாயை மூடினார்.

அன்றே எழுதினாள். தன் புகார் தவறு, அவர் மனிதர்தான், கணக்கைத் திருப்பிக் கொடுங்கள். 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று வந்தது. மறுபடி எழுதினாள். எடுத்த முடிவை மாற்றுவதற்கில்லை என்றார்கள். ஒருவர் மேல் குற்றம் சொன்னபோது திறந்த காது, அதே வாய் 'குற்றம் இல்லை' என்று சொன்னபோது அடைத்துக்கொண்டது. தன் நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு இதே பதிலைத் தட்டி அனுப்பியிருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை வளரவிடாமல் அடுத்த புகாரை எழுத ஆரம்பித்தாள்.

பொதுப்பக்கத்தில் நடந்ததை ஒளிக்காமல் போட்டாள். தன் பங்கு உட்பட. திட்டு விழுந்தது. 'இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், புகார் புகார்னு அலையாதீங்கன்னு' என்று கொக்கு எழுதினார். அடுத்த வரியிலேயே, 'கணக்கைத் திறக்கச் சொல்லி எல்லாரும் எழுதுங்க. நான் எழுதிட்டேன்' என்றும் போட்டார்.

அவரை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பலர் எழுதினார்கள். முன்பு அவளோடு வரிந்துகட்டிச் சண்டை போட்டவர்களும் எழுதினார்கள். தங்கைக்குத் தகவல் போய், அவளும் தன் மாமியார் பெயரில் ஒன்று, தன் பெயரில் ஒன்று என்று அனுப்பினாள்.

ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மூங்கில் கணக்கு திறந்திருந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. இத்தனை பேர் எழுதியதாலா, தண்டனைக் காலம் தானாக முடிந்ததாலா என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குச் சில வாரங்கள் கழித்து இன்னொரு மாற்றம் வந்தது. ஊமைகளின் தலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் சின்னக் கொடி. 'துணை மாலுமிகள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆக அவள் சந்தேகப்பட்டது சரிதான். பிடித்துக் கொடுத்த ஆள்தான் தப்பு.

விளையாட்டு ஒன்றும் பழையபடி ஆகிவிடவில்லை. கொடி கட்டிய பொம்மைகள் இன்னும் பாதிக் கப்பலை நிறைக்கின்றன. தங்கை வாரத்தில் சில நாட்கள் வருகிறாள். மூங்கில் பம்ப் அடிக்கிறார். முதல் நாள் துருவி அவருக்கு நீளமாக ஒன்றை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அனுப்பாமலே சுக்கானைப் பிடித்தாள். அன்று சரக்கு சேதமில்லாமல் கரை சேர்ந்தது.

"இவ்வளவு மல்லுக்கட்டினியே, பிரயோஜனம் உண்டா?" என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

"தெரியலைங்க," என்றாள். அப்படி அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

மூங்கிலின் மனைவியோடு இப்போதும் அவ்வப்போது பேசுகிறாள். போன வாரம் பேச்சு எங்கெங்கோ சுற்றி, அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினில் வந்து நின்றது. அவள் நிறுவனத்துத் தயாரிப்புதானாம்.

"அது பாட்டுக்கு நல்லா ஓடுதும்மா," என்றாள் அந்தப் பெண். "வாங்கினதுலேர்ந்து ஒரு தொந்தரவு இல்ல."

"சத்தமே வரலையா?" என்றாள் துருவி.

"இல்லம்மா."

"நல்லா கேட்டுப் பாருங்க," என்றாள். அவள் நம்பவில்லை.