கடைசி இணைப்பு இறுகும் வரை

பாலத்தின் கான்கிரீட் தளத்தில் ஸ்லாப்புக்கு ஸ்லாப் நின்று, சின்னச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். 'டங்' என்றால் நகர்வார். 'டொக்' என்றால் உள்ளே பொந்து. சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். அதனால் தொழிலாளர்களுக்கு அவர் 'டொக் அக்கா'. பதவியின் பெயர் தரப் பரிசோதகர். வயது ஐம்பத்து மூன்று. தட்டும்போது மகள் போன் செய்தால், "உயிரோடதான் இருக்கேன், வை" என்பதோடு சரி.

நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அக்காவைவிட வயது அதிகம். மூன்றே நாள் சாலையை மூடி, பழையதை அறுத்தெடுத்து, பட்டறையில் முன்பே வார்த்த ஸ்லாப்புகளைக் கிரேனால் இறக்கினார்கள். இடைவெளிகளில் எஃகு இழை கலந்த கான்கிரீட். சில மணி நேரத்தில் கல்லாகிவிடும் சரக்கு. மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குத் திறப்பு என்று ஊரெல்லாம் அறிவித்தாகிவிட்டது.

ஆனால் காலையில் பெய்த மழையில் கடைசி இணைப்பு இறுகத் தாமதமானது. அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டி, மூன்றரை மணிக்கு இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தபோது, தேவையான பலத்தைக் காட்டும் கோட்டை முள் தொடும் முன்பே உடைந்தது.

மேலாளர் திறப்பு அனுமதித் தாளோடு வந்தார். "முக்கால்வாசி பலம் வந்துருச்சேக்கா. மேல இருந்து போன் மேல போன். கையெழுத்து போடுங்க."

"முக்கால்வாசி லாரியா வரப்போகுது?"

"வேற பரிசோதகரக் கூப்பிட வேண்டியிருக்கும். அப்புறம் இந்த வேலை உங்களுக்கு இருக்காது."

"கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் நான் இங்கதான்."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போய்ப் பாலத்தின் வாயில் நட்டநடுவே போட்டு உட்கார்ந்துகொண்டார். நான்கு மணி ஆனது. கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். ஹாரன் காதைப் பிளந்தது. மணல் லாரி ஓட்டுநர் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார்.

"நல்லா திட்டுங்க தம்பி. திட்டுனா பாலம் விழாது."

மாற்றுப் பரிசோதகர் அந்த நெரிசலிலேயே எங்கோ மாட்டிக்கொண்டார். ஆறு மணிக்கு அடுத்த கட்டியை அழுத்தினார்கள். முள் கோட்டைத் தாண்டியும் கட்டி அசையவில்லை. அக்கா கையெழுத்திட்டு, நாற்காலியைத் தானே ஓரமாக வைத்தார்.

"இப்பவாவது நம்பிக்கை வந்துச்சா?" என்றார் மேலாளர்.

அக்கா கரைச் சரிவில் இறங்கிப் பாலத்துக்கு அடியில் போனார். மணல் லாரி மேலே உருளத் தொடங்கியபோது, கடைசி இணைப்புக்கு நேர் கீழே, தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அண்ணாந்து நின்றார்.