ரஷேனா மேட்டில் சிரிக்காமல் சொன்ன கதை

செராய்னாவுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கோடையில் விடுதி விருந்தாளிகளை மலைப் புல்வெளிகளுக்கு நடத்திச் செல்வதுதான் அவள் வேலை. அதிகம் பேச மாட்டாள். மற்ற வழிகாட்டிகள் ஒவ்வொரு பூவுக்கும் நின்று கதை சொல்வார்கள். இவள் முன்னால் நடப்பாள், யாராவது பின்தங்கினால் நிற்பாள், அவ்வளவுதான்.

அவள் பேசாமல் போனதற்குக் காரணம் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அண்ணன் பால்ட்ஸர் இளைஞனாக இருந்தபோது ரஷேனா மேட்டில் ஊரின் இளம் கிடாரி மாடுகளை மேய்த்தான். ஒரு பனிமூட்ட இரவில் ஓடைப் பிளவுக்கு மேலே இருந்த வேலி வாசல் திறந்து கிடந்தது. ஒன்பது கிடாரிகள் பிளவில் விழுந்து செத்தன. வாசலை நான் மூடினேன் என்று அவன் சொன்னான். குடித்துவிட்டுத் தூங்கினாய் என்று ஊர் சொன்னது. அப்படி முதலில் சொன்னவர் கிளாவ். செத்தவற்றில் மூன்று கிடாரிகள் அவருடையவை. இன்று அவர்தான் மேய்ச்சல் சங்கத்தின் தலைவர். அதற்குப் பிறகு யாரும் பால்ட்ஸரை நம்பி ஒரு கன்றைக்கூட விடவில்லை. அப்பாவே அவனோடு பேச்சை நிறுத்தினார். அவன் சமவெளிக்கு இறங்கி ஒரு டயர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அப்பாவின் சாவுக்குக்கூட வரவில்லை. இங்கே எவனாவது கதவை மூடாமல் போனால் “பால்ட்ஸர் வேலை பாத்துட்டியா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். செராய்னா கடையில் நிற்கும்போதும் கேட்பார்கள்.

போன ஆகஸ்டில் ஒரு நாள் ஆறேழு பேரை அழைத்துக்கொண்டு ரஷேனாவுக்குப் புறப்பட்டாள். அதில் ஜூரிச்சிலிருந்து வந்த இஸ்லர் என்ற பல் மருத்துவரும் அவர் மனைவி ரெகுலாவும் இருந்தார்கள். இஸ்லர் கலகலப்பான ஆள். புத்தம்புது பூட்ஸ். வழியெல்லாம் அவர் குரல்தான் கேட்டது. மர்மோட் என்ற மலை அணில் ஒன்று பாறை மேல் நின்று விசிலடித்தால் பதிலுக்கு இவரும் விசிலடிப்பார்.

நடுப்பகலுக்கு முன் பிளவுக்கு மேலேயுள்ள வேலியை அடைந்தார்கள். மஞ்சளும் நீலமுமாகப் பூத்துக் கிடந்த சரிவைப் பார்த்ததும் இஸ்லர் நின்றார். இந்த இடத்தை எனக்குத் தெரியும் என்றார். வாலிபத்தில் ஒரு பெண்ணோடு இங்கே வந்தாராம். வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் படுக்க ஆசை. வாசலின் குறுக்கே கட்டியிருந்த மின்கம்பியைத் தொட அந்தப் பெண்ணுக்குப் பயம். இவர் கம்பியின் கைப்பிடியைக் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டார். பிறகு பனி மூடியதும் இருவரும் வாசலை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடி இறங்கிவிட்டார்கள்.

“மறுநாள் காலையில விடுதியில ஒரே பேச்சு, மாடெல்லாம் விழுந்துடுச்சுன்னு. காப்பியக்கூட குடிக்கல, அடுத்த பஸ்ஸப் புடிச்சிட்டோம்” என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

எந்த வருஷம் என்று செராய்னா கேட்டாள். அவர் சொன்னார். பால்ட்ஸரின் வருஷம்.

அந்த நேரத்தில் தனக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். பாதை அங்கே பிளவின் விளிம்பை ஒட்டிப் போகிறது. இஸ்லர் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். தோளில் ஒரு தட்டுப் போதும். ஆனால் அது சட்டென்று முடிந்துவிடும், அவருக்கு எதற்கென்றே தெரியாமல் போய்விடும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாட்டுக்காரர்கள் எல்லோரும் தங்கள் மாடுகளைப் பார்க்க மேலே மேய்ச்சல் குடிலுக்கு வந்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும்.

“நல்லா சொல்றீங்க சார். மேல நம்ம ஆளுங்க இருக்காங்க, அவங்களுக்கும் இதச் சொல்லணும்” என்றாள்.

அதிலிருந்து அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். புது பூட்ஸ் குதிகாலைக் கடித்தது. ரோப் காரில் இறங்கிவிடலாமா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அவள் புல்லில் மண்டியிட்டு, அவர் காலுறையைக் கழற்றி, கொப்புளத்துக்கு மெதுவாகப் பிளாஸ்திரி ஒட்டினாள். அவருடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். தன் புட்டியிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். இப்படியொரு அன்பான வழிகாட்டியைத் தான் பார்த்ததே இல்லை என்று ரெகுலா சொன்னாளாம்.

குடிலில் சமையல் என் பொறுப்பு. வாற்கோதுமை சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர்கள் உள்ளே வந்தார்கள். செராய்னா இஸ்லரைக் கிளாவுக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள். ஒயின் கேட்டு வாங்கித் தானே ஊற்றினாள். அவர் ஒரு கிண்ணம் சூப்பை முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சாரிடம் ஒரு கதை இருக்கிறது, எல்லோரும் கேளுங்கள் என்றாள்.

இந்தத் தடவை இஸ்லர் இன்னும் நன்றாகச் சொன்னார். பெண்ணின் பயத்தை நடித்தும் காட்டினார். பஸ்ஸைப் பிடித்த இடம் வந்ததும் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கிளாவ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எந்த வாசல் என்று கேட்டார். பிளவுக்கு மேலே இருப்பது என்றார் இஸ்லர். அதற்குள் ரெகுலாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

செராய்னா உட்காரவில்லை. “அந்த மாட்டையெல்லாம் மேய்ச்சது என் அண்ணன். பேரு பால்ட்ஸர். அந்தப் பேரையும் சேத்து இன்னொரு தரம் சொல்லுங்க. சிரிக்காம சொல்லுங்க” என்றாள்.

இஸ்லர் தன் மனைவியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசலருகே மாட்டுக்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள். அவர்கள் நகரவில்லை. அவர் சொன்னார். சிரிப்பை எடுத்துவிட்டால் அந்தக் கதை நாலு வாக்கியம்தான். தெரியாமல் நடந்தது என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கப் பார்த்தார். “தெரிஞ்சுதான பஸ் ஏறுனீங்க?” என்று அவள் கேட்டதும் அதையும் விழுங்கிவிட்டார்.

யாரோ அவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்ல ஆரம்பித்தார்கள். செராய்னா அவரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“அவர விடுங்க, அவர் வெளியாளு. நீங்க அவனச் சின்ன வயசுலேர்ந்து பாத்தவங்க. மூடுனேன்னு அவன் அழுதுகிட்டே சொன்னான். உங்கள்ல ஒருத்தர்கூடக் கேக்கல. கிளாவ், முதல்ல நீங்கதான?”

கிளாவ் ஆமாம் என்றார்.

மாட்டுக்காரர்களின் ஜீப்பில் கீழே கொண்டுபோய் விடுவீர்களா என்று இஸ்லர் கேட்டபோது பால் கேன்களுக்கே இடம் போதாது என்று பதில் வந்தது. ரெகுலாவை மட்டும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். இஸ்லர் மற்றவர்களுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே இறங்கினார். செராய்னா இப்போது அவர் பையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு வேலி வாசலிலும் அவர் வந்து சேரும்வரை நின்று, அவரையே மூட வைத்து, இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.

அவர் விடுதியில் புகார் செய்தார். மன்னிப்புக் கேள் என்றார் விடுதிக்காரர். அவள் மாட்டேன் என்று வேலையை விட்டாள். இப்போது தன் வீட்டிலிருந்தே ஆட்களை அழைத்துப் போகிறாள்.

கிளாவ் பால்ட்ஸருக்குப் போன் செய்தார். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை நேரில் வந்து சொல்லுங்கள் என்று வைத்துவிட்டான். அக்டோபரில் கிளாவும் இன்னும் மூன்று பேரும் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு ரயிலேறினார்கள். டயர் கிடங்கில் பால்ட்ஸர் அவர்களைப் பார்த்தான், தலையசைத்தான், உள்ளே போய் ஷிப்டு முடியும்வரை வேலை பார்த்தான். ஒதுங்கக் கூரை கிடையாது. நால்வரும் வெளிக்கதவருகே மழையில் நின்றார்கள். பிறகு அவன் வந்து, அவர்கள் தொப்பியைக் கழற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். கை கொடுக்கவில்லை. ஊருக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

கிளாவ் திரும்பி வந்து இதையெல்லாம் செராய்னாவிடம் சொன்னபோது நானும் அவள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மழை பெருசா?”

“பெருசுதான். கோட்டெல்லாம் ஊறிப்போச்சு” என்றார் அவர்.

அவள் தனக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றிக்கொண்டாள். அவருக்கு ஊற்றவில்லை.