அக்காவின் காப்புறுதியும் என் நெஞ்சு வலியும்

முதலில் வலித்தது நெஞ்சு அல்ல, தாடை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் மீன் வாங்கிக்கொண்டு நடந்தபோது இடப்பக்கம் இறுகியது. பல் என்று நினைத்துப் பல் வைத்தியரிடம் போனேன். அவர் வாயைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது பல்லில்லை. இண்டைக்கே ஈசீஜி எடுங்கோ" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஆஞ்சைனா (இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் வலி) என்றார்கள். ஆஞ்சியோகிராமுக்கு (இதயக் குழாய்களில் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) ஐந்து மாதம் கழித்துத்தான் திகதி கிடைத்தது.

அதே படத்தை என் அக்கா முந்திய வருடம் மூன்றே நாளில் எடுத்திருந்தார். அவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். கம்பனியொன்றில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். தனியார் காப்புறுதி (இன்சூரன்ஸ்) அட்டையை நீட்டினார். தனி அறை கிடைத்தது. பார்க்கப் போன நான் திராட்சையைக் கழுவிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த அறையின் திரைச்சீலையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் வாய்ப்பு இருந்தது. நான் ஓய்வுபெற்றபோது, பென்சனில் மாதாமாதம் கழிக்கும் அரச காப்புறுதிக்குக் கையெழுத்து வைத்தேன். அக்கா தன் காப்புறுதி முகவரையும் வீட்டுக்கு அனுப்பினார். தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அக்காவிடம் இருப்பது எனக்குத் தேவையில்லை என்று சொல்வது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம்.

நோய் தெரிந்தபின் அக்காவின் காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். "மிஸ், ஏற்கனவே இருக்கிற வருத்தத்துக்கு நாங்க தாறேல்லை" என்றாள் அங்கே பேசிய பிள்ளை. அரச காப்புறுதியோ, தனியார் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கைத்தான் பிறகு திருப்பித் தரும். முழுக் காசையும் முதலில் கட்ட வழியில்லாமல் ஆஸ்பத்திரித் திகதிக்குக் காத்திருந்தேன்.

அந்த மாதங்களில், அக்கா பின்னேரம் கடற்கரையில் நடக்கிறார் என்று கேட்டாலே எனக்குத் தாடை இறுகும். வலிக்குத் தந்த மாத்திரையை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டு அவரை வெறுத்தேன்.

நான்காம் மாதம், சும்மா இருக்கும்போதே வலி வந்தது. டாக்டர் ஈசீஜியைப் பார்த்து, "இனிக் காத்திருக்க ஏலாது" என்று அன்றே வார்டில் சேர்த்தார். மறுநாள் அந்தப் படத்தை எடுத்து, ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைச்சுருள்) வைத்தார்கள்.

அக்கா சூப்புடன் வந்தார். இருக்கக் கதிரை இல்லை, கட்டிலோரம் நின்றார்.

"இந்த வருஷம் என்ர காப்புறுதியைப் புதுப்பிக்கேக்க இதயத்தைக் கழிச்சுப் போட்டினம். கண், முழங்கால் எண்டால் தருவினமாம். நெஞ்சு வலிச்சா இனி நானும் உன்ர கியூவிலதான்."

எனக்கு உள்ளே இனித்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்: அந்தச் சூப்பைவிட அது ருசித்தது.

"உனக்கு நல்லம். இங்க ஒருத்தரும் இதயத்தைக் கழிக்கிறேல்லை" என்று அக்கா என் கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

ஓய்வுபெறப் போகிறவர்களே, சுகமாக இருக்கும்போதே அரச, தனியார் காப்புறுதி இரண்டையும் விசாரியுங்கள். வருத்தம் வந்தபின் எதையெல்லாம் நீக்குவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சகோதரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். சகோதரத்தைப் பார்த்து எடுக்காமலும் விடாதீர்கள்.

இப்போது என் நாள் என்பது ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் இடையிலுள்ள தூரம். இடப்பக்கம் சரிந்து படுத்தால் தலையணையில் இதயம் கேட்கிறது. முன்பு அப்படியொன்று உள்ளே இருப்பதே தெரியாது. அக்காவுக்கும் கேட்கிறதா என்று அறிய ஆசை. தனக்கு ஒன்றும் கேட்பதில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று அவரிடம் இன்னும் விசாரிக்கவில்லை.