மெழுகுவர்த்தியைத் தொடாத குண்டு

துப்பாக்கி ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வந்தது. யாரையும் சுடுவதற்கில்லை, வேட்டைக்கும் இல்லை. நான் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவன். விடியற்காலையில் மெர்லிமாவிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஃபேக்டரி வாசலில் இறக்கிவிட்டால், முந்தின ஷிப்ட் ஆட்கள் வெளியே வரும்வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது கைப்பேசிதான் துணை.

அதில் ஒருநாள் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்தேன். கார் நிறுத்தும் கொட்டகையில், மலிவாகக் கிடைத்த பாகங்களைக் கொண்டு தானே ஒரு ரைபிள் செய்துகொண்டிருந்தார். மரத்தைச் செதுக்கினார், இரும்பை அராவினார், பொருத்தினார், கழற்றினார், மறுபடி பொருத்தினார். கடைசியில் வெளியே எடுத்துப் போய் தூரத்தில் ஒட்டியிருந்த தாளைச் சுட்டார். ஓட்டை விழுந்தது. மறுபடி சுட்டார். புது ஓட்டை எதுவும் விழவில்லை. குறி தப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். கேமரா தாளுக்குக் கிட்டப் போனதும்தான் புரிந்தது. இரண்டாவது குண்டு முதல் குண்டு போன வழியாகவே போயிருந்தது. ஓட்டையின் ஓரம் மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. யாரோ பஸ் கதவைத் தட்டும்வரை அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினேன். அவள் வீட்டிலிருந்தபடியே ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவள். மெஷினிலிருந்து காலை எடுக்காமல் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இங்க அதைச் செஞ்சா என்ன ஆகும் தெரியும்லா? போலீஸ் கேட்டை உடைச்சுக்கிட்டு வருவான். நான் திரை தைப்பேனா, வக்கீல் தேடி அலைவேனா?"

அவள் சொன்னது சரிதான். ஆசையை மூட்டை கட்டி வைத்தேன். ஆனால் அந்த ஓட்டை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

சில வாரம் கழித்து, மீன் வாங்க இரண்டு பேரும் செர்காமுக்குப் போனோம். கடலோரம் ஒரு கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துத் திடலில் மலாய்க்காரர்கள் கூடி நின்று லாஸ்திக் அடித்துக்கொண்டிருந்தார்கள். கவட்டையில் ரப்பர் கட்டி கல் விடுவோமே, அதேதான் லாஸ்திக். ஆனால் அவர்கள் விட்டது கல் இல்லை, சின்ன எஃகுக் குண்டு. கயிற்றில் பாட்டில் மூடிகள் தொங்கின. மாலை வெயில் சாய்வாக அடித்ததால் குண்டு பறப்பது கண்ணுக்கே தெரிந்தது. விரலை விட்டதும் ஒரு வெள்ளிக் கோடு புறப்பட்டு, லேசாக வளைந்து, மூடியில் போய் முடிந்தது. டிங்கென்று ஒரு சத்தம்.

"பார்த்தீங்களா?" என்று என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போற வழியே தெரியுது!"

அங்கிருந்த ஒரு பாக்சிக்கிடம், மலாய்ப் பெரியவரிடம், மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயது இருக்கும். இதற்கு லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். "விளையாட்டுத்தானே! ஆள் பக்கம் காட்டாதே, பறவையை அடிக்காதே, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து அடி. அது போதும்" என்று மலாயில் சொன்னார்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். மலிவுப் பொருள் கடையில் தடியான வெள்ளைப் பிளாஸ்டிக் காய்கறிப் பலகை ஒன்று வாங்கினேன். புதுப் பலகை சமையலறைக்குத்தான் என்று மனைவி சந்தோஷப்பட்டாள். அதைப் பின்கட்டில் ரம்பத்தால் கவட்டை வடிவத்தில் அறுத்ததைப் பார்த்ததும் பழைய பலகையையே கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காலில் போட்டுத் தேய்ந்த பழைய தோல் சப்பாத்தின் நாக்கை வெட்டி, குண்டு வைக்கும் தோலாக்கினேன். குண்டுகள் ஒரு வொர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட பேரிங்கிலிருந்து வந்தவை. பலகைத் துண்டில் ஒரு துளை போட்டு, அதில் சரியாக இறங்கிய குண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த வெள்ளைக்காரர் அடிக்கடி சொன்னது அதுதான். ஒவ்வொரு முறையும் எல்லாமே ஒரே மாதிரி இருக்க வேண்டும், வேறு மந்திரம் எதுவும் கிடையாது.

எங்களுடையது வரிசை வீடு. முன்கதவைத் திறந்தால் நேராகப் பின்கதவு தெரியும். பின்சுவரை ஒட்டி ஒரு அட்டைப்பெட்டி வைத்து, உள்ளே பழைய போர்வையைத் தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் வாசலில் நின்று, ஹால் வழியாக, சமையலறை வழியாகக் குறி பார்ப்பேன்.

"சாமி படத்துல பட்டுச்சு, அப்புறம் நீங்க பஸ்லயே படுத்துக்கலாம்" என்றாள் மனைவி.

சாமி படம் தப்பித்தது. பிஸ்கட் டின் தப்பிக்கவில்லை. ஒரு குண்டு பெட்டியின் இடது மூலைக்குப் போகும், அடுத்தது மேலே ஏறும், அதற்கடுத்தது பெட்டிக்கே போகாது. முதலில் கட்டியிருந்த சைக்கிள் டியூப்பை மாற்றி, விளையாட்டுப் பொருள் கடையில் மெல்லிய ரப்பர் தாள் வாங்கிக் கட்டினேன். வேகம் கூடியது, குறி சேரவில்லை. கவட்டைதான் கோணல் என்று இன்னொரு பலகை அறுத்தேன். அதிலும் அதே கதைதான்.

ஒருநாள் அவள் லாஸ்திக்கைக் கையில் வாங்கி, ரப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கத்திரிக்கோல்ல வெட்டினீங்களா? ஓரம் பாருங்க, அலை அலையா இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அகலம் இல்ல. இழுத்தா ஒரு பக்கம்தானே போவும்?"

துணி வெட்டும் உருளைக் கத்தியையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்து வந்து, ரப்பர் தாளை மேஜையில் விரித்து, ஒரே இழுப்பில் இரண்டு பட்டை வெட்டித் தந்தாள். அன்று என் குண்டுகள் முதன்முறையாக ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. எனக்கு அதுவே பெரிய வெற்றி. அவள் போர்வையில் விழுந்த பள்ளங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"குடுங்க, நானும் ஒண்ணு அடிச்சுப் பார்க்கிறேன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு. பெண் பார்க்கப் போன அன்று அவளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு ஒரு கண்ணுதான் தெரியும். யோசிச்சுக்குங்க." யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவள் கார் ஓட்டும்போது இடது பக்கம் நான் பார்த்துச் சொல்வேன், அவ்வளவுதான்.

அவள் வாசலில் நின்றாள். கவட்டையைப் படுக்கை வாக்கில் பிடித்து, தோலைக் கன்னத்து எலும்புவரை இழுத்தாள். நான் இடது கண்ணை மூடச் சொல்லி வாயெடுத்தேன்.

"மூட வேண்டியதே இல்லலா," என்றாள் திரும்பாமல். "அதுதான் எப்பவும் மூடினாப்பலதானே இருக்கு."

விட்டாள். பெட்டியில் நான் ஒட்டியிருந்த வெள்ளைத்தாளின் நடுவில் இருந்த பொட்டு காணாமல் போனது. அடுத்ததும் அங்கேயே. அதற்கடுத்தது ஒரு விரல் தள்ளி. அவள் முகத்தில் பெருமையோ ஆச்சரியமோ எதுவும் இல்லை, ஊசியில் நூல் கோக்கும்போது இருக்கும் அதே முகம். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவளுக்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நான் செய்கிறவன் ஆனேன், அவள் அடிக்கிறவள் ஆனாள். அவள் கைக்கு ஏற்றபடி பிடியைத் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கினேன். பாட்டில் மூடி போய் கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டி வந்தது. சாக்குக்கட்டி போய் கேக்கில் வைக்கும் சின்ன மெழுகுவர்த்தி வந்தது. பெட்டிக்குள் அதை ஏற்றி வைத்தால், மெழுகு நிற்க வேண்டும், சுடர் மட்டும் போக வேண்டும். முதலில் மெழுகுவர்த்திகள் துண்டு துண்டாகப் பறந்தன. பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், சோறு வெந்துகொண்டிருந்தபோது, குண்டு போன சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். மெழுகுவர்த்தி அசையாமல் நின்றது. திரியிலிருந்து நூல் மாதிரி புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. தொடவே பயமாக இருந்தது. அடுப்பை அணைக்கச் சொல்லி அவள் மூன்று தடவை கத்திய பிறகுதான் காதில் விழுந்தது.

செர்காம் பாக்சிக்கிடம் சொன்னேன். நம்பவில்லை. "வரச் சொல்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை திடலில் நிறைய ஆட்கள். சுரிதார் துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு அவள் கோட்டில் நின்றாள். கடல் காற்றுக்குத் தடுப்பாகப் பெரிய பெட்டிக்குள்தான் மெழுகுவர்த்தி இருந்தது, ஆனாலும் சுடர் ஆடியது. முதல் குண்டு மேலே போனது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில் சுடர் அணைந்தது, மெழுகுவர்த்தி அப்படியே நின்றது. பிறகு பாக்சிக் "மாஷா அல்லா" என்றார், கைதட்டல் எழுந்தது.

அவள் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினாள். "காத்துல அணைஞ்சிருக்கும். என் குண்டு போனது எனக்குத் தெரியல. திரும்ப ஏத்தச் சொல்லுங்க."

"பேசாம இரும்மா, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கலா!" என்றேன்.

"நான் ஒத்துக்கலையே."

நான் மலாயில் சொன்னேன். பாக்சிக் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தானே போய் ஏற்றி வைத்தார். அவள் இழுத்தாள். நான் இந்த முறை அவளைப் பார்க்கவில்லை, குண்டு போகும் வழியைத்தான் பார்த்தேன். சாய்ந்த வெயிலில் அந்த வெள்ளிக் கோடு போய், மெழுகுவர்த்தியின் தலையைச் சீவிக்கொண்டு பெட்டிக்குள் தொங்கிய போர்வையில் புதைந்தது. சுடர் போனது, மெழுகும் அரை விரல் போனது. விதிப்படி அது தோல்வி. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் நான் அடிச்சது," என்றாள். "கொஞ்சம் கீழே போயிடுச்சு."

பரிசு எதுவும் வரவில்லை. பாக்சிக் லாஸ்திக்கை வாங்கி, காய்கறிப் பலகைப் பிடியைத் தட்டிப் பார்த்தார், ரப்பர் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்டார். நான் அவளைக் காட்டினேன்.

போன வாரம் அவரும் இன்னும் இரண்டு பேரும் தங்களுக்கும் ரப்பர் வெட்டித் தரச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆள் கையை நீட்டி இழுக்கும் தூரத்துக்கு ஏற்றபடிதான் ரப்பர் வெட்ட வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் ஹாலின் நடுவில் லாஸ்திக் இழுப்பதுபோலக் கைகளை விரித்து, கூச்சத்தோடு அசையாமல் நின்றார். அவள் டேப்பை அவர் விரலிலிருந்து கன்னம்வரை பிடித்து, தலையைச் சற்றுத் திருப்பி, வலது கண்ணால் அளவைப் படித்தாள். நான் சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கொண்டு வந்த தேத்தண்ணீர் என் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.