எக்ஸ்எல் சைஸ் மீன்வலை

மாப்பிள்ளைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில் போடுவார் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். அது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாமல் என் அப்பா பொதுவாகத் தலையாட்டி வைத்தார். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன், அது நல்ல பழக்கமும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. பைத்தியம்.

வீடு எங்களுக்கு வீரபாண்டியில். ஞாயிறு விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு சாமளாபுரத்துக் குளத்துக்குப் போய்விடுவார். குளத்தை ஏலம் எடுத்தவர் தூண்டில்காரர்களை அன்றைக்கு ஒருநாள் கண்டுகொள்ள மாட்டார். கரையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரிடமும் கைப்பிடி வைத்த சின்ன வலை ஒன்று இருக்கும். தூண்டிலில் மாட்டிய மீனைக் கரைக்குப் பக்கத்தில் இழுத்து வந்ததும், அதை அடியில் விட்டுத் தூக்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரரிடம் மட்டும் அது கிடையாது. வலை வைத்திருப்பவர்களைப் பார்த்து, சாம்பார்க் கரண்டி கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்பார்.

அவர் கையால் எடுப்பார். கல்யாணமான புதிதில் ஒருமுறை கூடப் போனபோது பார்த்தேன். மீன் மாட்டியதும் அவசரப்பட மாட்டார். அது ஓடுகிற பக்கம் ஓடவிட்டு, அலுத்துக் கரைக்கு வரும்போது வலது கையில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்குவார். முதலில் இடது கையை நனைப்பார். காய்ந்த கையால் தொட்டால் மீனுக்குச் சுடுமாம். பிறகு தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிக்கொண்டே போய் முதுகு முள்ளைப் படுக்க வைத்து, செவுளுக்குப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொடுத்துப் பிடிப்பார். கடைசி இரண்டு விரலும் வயிற்றை அடியில் தாங்கிக்கொள்ளும். மீன் துள்ளாது. பார்க்கிற எனக்குத்தான் என்னவோ மாதிரி இருந்தது. என் கையை இந்த மனுஷன் இவ்வளவு பதமாகப் பிடித்ததில்லையே என்று நினைத்தேன். மீனிடம் எனக்குப் பொறாமை வந்தது நிஜம். வெளியில் சொல்லவில்லை.

வேலையிலும் அவர் அப்படித்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காக விரித்த துணியை மெஷின் கத்தியில் வெட்டுகிறவர்கள் இடது கையில் இரும்பு வளையம் கோத்த உறை ஒன்று போட வேண்டும். அவர் போடுவார், கழற்றுவார், போடுவார். உறை போட்டால் துணி கைக்குத் தெரியவில்லை, எந்த அடுக்கு நகர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பார். நானும் அதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். சாப்பாட்டு நேரத்தில் போய் சத்தம் போட்டுவிட்டு வருவேன். சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வார். நான் முதுகைத் திருப்பியதும் கழற்றிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அப்படிக் கழற்றி வைத்திருந்தபோதுதான் கத்தி இழுத்துவிட்டது. விரல் போகவில்லை. தைத்துவிட்டார்கள். இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, மடங்காது. கம்பெனியில் அவரைத் துணி செக்கிங்குக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை, திட்டினேன். வீட்டுக்கு வந்தும் திட்டினேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஒரு வருஷம் தூண்டில் பரண் மேல் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே எடுத்துத் துடைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் கிளம்பியதும் மல்லி, மிளகாய் வறுத்து, தேங்காய் சேர்த்து மீன்குழம்புக்கு அரைத்து வைத்தேன். வெறுங்கையோடு வந்தார். மீனே கடிக்கவில்லை என்றார். அரைத்ததைக் கத்தரிக்காயில் போட்டேன். அடுத்த வாரமும் கடிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கத்தரிக்காய்தான். நாலாவது வாரம், கத்தரிக்காயை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

ஐந்தாவது வாரம் நானும் வருகிறேன் என்று மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன். வேண்டாம், வெயில் அடிக்கும் என்றார். இறங்கவில்லை.

மீன் நன்றாகத்தான் கடித்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தட்டு அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டியது. அதே மாதிரி ஓடவிட்டார், அதே மாதிரி இறங்கினார், கையை நனைத்தார், தடவினார், பிடித்தார். தூக்கும்போது அந்த இரண்டு விரலும் தாங்கவில்லை. மீன் ஒரு துள்ளு துள்ளித் தூண்டில் முள்ளிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. மறுபடி புழு கோத்தார். அன்றைக்கு மூன்று மீன் அப்படிப் போயிற்று. மூன்றாவது போனதும் தண்ணீரிலேயே நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கரைக்கு வந்து நூலைச் சுற்றிக்கொண்டே, தூண்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாம், வீட்டில் இடத்தை அடைக்கிறது என்றார். வாரத்தில் ஆறு நாள் அவர் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து ஓட்டை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் கட்டிக்கொண்ட ஆள். அதையும் விட்டுவிட்டால் வீட்டில் மிச்சம் இருக்கப்போவது யார்?

மறுநாளே வலை தைக்க உட்கார்ந்தேன். விளையாட்டு ஜெர்சிக்கு வந்த துணியில் தள்ளுபடியானது கொஞ்சம் கிடந்தது, பொடிப்பொடியாக ஓட்டை உள்ள துணி. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் நாலு நூல் ஓவர்லாக்கில் அடித்தேன். வாய்ப் பக்கம் சும்மா விட்டால் அசிங்கமாக இருக்குமே என்று கழுத்துப் பட்டிக்குப் போடுகிற ரிப் வைத்து மடித்தேன். வளைத்த கம்பியில் கோத்து, மாப் குச்சியில் கட்டினேன். மேஜை மேல் கிடந்த எக்ஸ்எல் லேபிள் ஒன்றையும் உள்பக்கம் வைத்துத் தைத்தேன். என்ன செய்வது, இருபது வருஷமாகக் கை அப்படிப் பழகிவிட்டது. லேபிள் வைக்காமல் எதையும் கீழே வைக்க வராது.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சேலையில் சுற்றி எடுத்துப் போனேன். அவருக்கு மீன் மாட்டிய நேரம் பார்த்து, கேட்காமல் கொள்ளாமல் தண்ணீரில் இறங்கி வலையை அடியில் விட்டேன். மீனும் உள்ளே வந்தது. தூக்கினேன், வரவில்லை. நான் தேர்ந்தெடுத்த துணியின் தரம் அப்படி. தண்ணீர் அதற்குள்ளிருந்து வடியவே இல்லை. ஒரு குடம் தண்ணீரும் மீனுமாகக் கனத்து, கம்பி கோணி, குச்சி வளைந்தது. மீன் முதுகு முள் துணியில் மாட்டியது, தூண்டில் முள்ளும் மாட்டியது. நான் பதறி உலுக்க, மீன் தன்னை விடுவித்துக்கொண்டு விளிம்பு மேலே ஏறிப் போய்விட்டது. தூண்டில் முள் மட்டும் என் ரிப்பில் தொங்கியது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், அக்கா, துணியைத் துவைக்க வந்தீங்களா என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை.

"வலையில எடுத்தா என்ற கை செத்துப்போச்சுன்னு நானே ஒத்துக்கற மாதிரி புள்ள," என்றார். "உன்னைய யாரு தைக்கச் சொன்னா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கும் கைக்குத் தெரியோணும் என்றுதானே உறையைக் கழற்றி வைத்தீர்கள், இன்றைக்கும் அதே பாட்டா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊருக்குள் நுழையும்போது வேகத்தடையில் வண்டி மெதுவானது. முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறி எட்டிப் பார்த்தால், சிரிக்கிறார்.

"மீனுக்கு எக்ஸ்எல் பத்துமான்னு பாத்தயா?" என்றார்.

சிரித்தாரே தவிர வலையைத் தொடவில்லை. ஆனாலும் தூண்டிலைக் கொடுத்துவிடுகிற பேச்சு நின்றுபோனது. போவார், மாட்டும், நழுவும், வருவார். நான் வெங்காய மூட்டை வலையை வெட்டி, அதே கம்பியில் இரண்டாவதாக ஒன்று கட்டினேன். பார்க்கச் சகிக்காது. தண்ணீர் மட்டும் நிற்காமல் கொட்டியது. வாராவாரம் அதைக் கரையில் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைப்பேன். அவர் அதைத் தாண்டிப் போவார்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நானும் போடலாமே என்று அவருடைய பழைய மூங்கில் தூண்டிலை எடுத்தேன். மைதா உருண்டை வைத்துப் போட்டேன். பொடி மீன்கள் மாட்டின. நானும் கையாலேயே எடுத்தேன். வலை கொண்டு வந்தவளே வலையைப் போடவில்லை என்று அவர் கேலி செய்யட்டுமே என்று காத்திருந்தேன், செய்யவில்லை. முதுகு முள் குத்தி நான் கையை உதறும்போதெல்லாம், தலையிலிருந்து தடவு என்று மட்டும் சொல்வார்.

போன ஐப்பசியில் நல்ல மழை. புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாமல் இருந்துவிட்டுப் போன முதல் ஞாயிறு. குளம் தளும்பிக் கிடந்தது. என் தக்கை ஒரே இழுப்பில் காணாமல் போனது. மூங்கில் வில்லாக வளைந்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இழுக்காதே, அது போக்கில் விடு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். விட்டேன், வந்தது, மறுபடி விட்டேன். கை இரண்டும் கடுத்துப் போனது. கடைசியில் கரையோரமாக அது பக்கவாட்டில் புரண்டபோது பார்த்தேன். ரோகு. இரண்டு கிலோ குறையாது. அதுவரை நான் அவ்வளவு பெரிய மீனைக் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் இறங்கிக் கையை நனைத்தேன். தலையிலிருந்து தடவினேன். என் கைக்கு அது அடங்கவே இல்லை. ஒருமுறை வழுக்கியது. நூல் எங்கேயோ கிறீச்சிட்டது. முள் மீனின் உதட்டு ஓரத்தில் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கை வெக்காத, கை வெக்காத," என்று பின்னால் சத்தம்.

திரும்பினேன். என் வீட்டுக்காரர் வேட்டி நனைய இறங்கி வருகிறார். வலது கையில் வெங்காய மூட்டை வலை. மடங்காத அந்த இரண்டு விரலையும் குச்சிக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, வலையை மெதுவாகத் தாழ்த்தி, மீனின் தலைக்கு நேராக அதன் வாயைக் கொடுத்தார். மீன் தானாக உள்ளே போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தூக்கினார். தண்ணீர் கொட்டியது. மீன் இருந்தது.

கரையில் வைத்த பிறகும் எனக்கு மூச்சு வாங்கியது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"உங்க மீனுக்கு வலை ஆகாதுன்னீங்க. என்ற மீனுக்கு மட்டும் ஆகுங்களா?"

அவர் வலையில் சிக்கிய செதிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ற மீனு போனா போகுது புள்ள," என்றார். "உன்ற மீனு போகக் கூடாது."

நான் ஆஸ்பத்திரியிலிருந்தே தள்ளிப்போட்ட அழுகையை அந்தக் கரையில் உட்கார்ந்து அழுதேன். மீன் பெரிதாக இருந்ததால் அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் கையைத் துடைக்காமலே என் தோளில் வைத்தார். சேலையெல்லாம் மீன் நாற்றம்.

அன்றைக்கு மசாலா அரைத்து வைத்திருக்கவில்லை. அரைப்பதை நான் எப்போதோ விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அவசரமாக வறுத்தேன். அவர் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தார். சாப்பிடும்போது, அந்த முதல் வலை எங்கே என்று கேட்டார். தூக்கிப் போடவில்லை, பரண் மேல் இருக்கிறது என்றேன். லேபிளை மட்டும் பிரித்து இதில் தைத்துவிடு என்றார்.

அடுத்த ஞாயிறு அவருக்கு மாட்டியது. நல்ல கனமான ஜிலேபி. ஓடவிட்டு, அலுக்கவிட்டு, தண்ணீரில் இறங்கினார். நான் வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். வலை அவருக்குப் பக்கத்திலேயே, எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கையையும் நனைக்கவில்லை. தூண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வா புள்ள," என்றார். "வலைய நீ போடு."