எலுமிச்சை சாதம் தாளித்தால் கனமழை

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடுகு வெடித்து, கடலைப்பருப்பு சிவந்து, பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்ட நேரம் பார்த்து செல்போன் அலறியது. அடுத்த மூன்று மணி நேரத்தில் எங்கள் பக்கம் இடியுடன் மழையாம். ஒரு கையில் கரண்டி, மறு கையில் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி. அடுப்பைச் சட்டென்று அணைத்தேன். மழைக்காக அல்ல, அந்த வாசனைக்காக.

"ஐயோ, இன்னிக்கும் மாட்டிக்கினேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற என் மகள் எட்டிப் பார்த்து, "யாரும்மா உன்ன புடிச்சி வெச்சிக்கினு இருக்காங்க?" என்றாள். அவள் கவலை வேறு. நாலு நாளைக்கு மழை என்று டிவியில் சொல்லிவிட்டால் போதும், லீவு விடுவார்களா என்று உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். அவளுக்கு விடுதலையாக இருக்கிற மழை எனக்கு ஜெயிலாக இருந்தது என்றால் அவளுக்கு எங்கே புரியப்போகிறது. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். பிரமாதமான கட்டடம்தான், ஆனால் மருந்துக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. செல்போனை வாசலிலேயே லாக்கரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே போய்விட்டால் சித்திரையும் ஒன்றுதான், கார்த்திகையும் ஒன்றுதான். அதே டியூப் லைட், அதே குளிர். கூரையில் மழைச் சத்தம் கேட்காதா என்பீர்கள். மெஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் தும்முவதே கேட்காது, மழை எங்கே கேட்பது.

அங்கே ஒரு சட்டம். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நாம் நகரலாம். அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். மழையில் ரிலீவர்களின் பஸ் வராது என்று தெரிந்தால், 'கன்டினியூ' என்று ஒரு வார்த்தை வரும். இன்னொரு ஷிஃப்டும் நம் தலையில்தான். மேலே இருப்பவர்களுக்கு அது முன்னாடியே தெரியும், எங்களிடம் மட்டும் கடைசிவரை மூச்சுவிட மாட்டார்கள். ஆனால் கேன்டீனில் சொல்லித்தானே ஆகவேண்டும்? அத்தனை பேருக்கும் திடீரென்று என்ன சமைக்கமுடியும், எலுமிச்சை சாதம்தான். அண்டா அண்டாவாகத் தாளிப்பார்கள். அந்த வாசனை ஏசி குழாய் வழியாக லைனுக்கு வந்துவிடும். யாராவது ஒருத்தி மூக்கை உறிஞ்சி, "தாளிச்சிட்டான்டி" என்பாள். வரிசை முழுக்க முகம் தொங்கிப்போகும். டிவியில் மழை பற்றிச் சொல்கிறவர்கள் தப்பலாம், எங்கள் கேன்டீன் ஒருநாளும் தப்பியதில்லை.

என் ரிலீவர் செல்வி. மணிமங்கலத்துப் பெண், என்னைவிட இளையவள். நான் கையுறையைக் கழற்றி, அவள் மாட்டிக்கொள்கிற நேரம்தான் எங்கள் சிநேகிதம் எல்லாம். அந்த அவசரத்திலும் நாளைய மழை பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை அனுப்பமாட்டாள். "நாளிக்கு மழையே இருக்காதுக்கா. வந்துருவேன்." மறுநாள் கொட்டோ கொட்டென்று கொட்டும். "அது இன்னாக்கா மழை, தூறல்" என்று தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நிற்பாள். புயல் கரையைக் கடக்கிறது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோதும் அவளுக்கு அது தூறல்தான். வானத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்னது எதுவும் பலித்து நான் பார்த்ததில்லை. ஆனால் எத்தனை நேரம் கழித்தாவது வந்துவிடுவாள்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்த வருஷம் அது. படப்பையில் தரைவீட்டில் குடியிருந்தோம். செல்விக்கு அது வருகிற வழிதான், ஒருமுறை பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டுப் போயிருக்கிறாள். மாடியில் இருந்த ஸ்டெல்லா அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு விடியக்காலையில் பஸ் ஏறுவேன். மத்தியானம் போய்ப் பால் கொடுத்துவிடலாம் என்ற தைரியம்தான். புட்டிப்பால் என்றால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிடிவாதத்தில் அப்படியே அவள் அப்பா. அந்த மனிதர் இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் இருந்தார்.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிய நேரம் இருக்கும்போதே தாளித்துவிட்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். என் பக்கம் வந்தவரை நிறுத்தி, பிள்ளை பசியோடு இருக்கும் என்றேன்.

"நான் என்னம்மா செய்ய முடியும்? லைன் நிக்கக் கூடாதுல்லா. உங்க ரிலீவர் வந்தா தாராளமாப் போங்க" என்றார்.

"பஸ்ஸே இல்லாம எப்டி சார் வருவா?"

ரோடெல்லாம் தண்ணீர், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். அதுவரை பிள்ளை பசித்திருக்குமே என்றுதான் பயம். இப்போது பிள்ளை எங்கே இருக்கிறதோ என்று பயம். ஏரியின் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், படப்பைக்கு வருமா வராதா, ஒன்றும் தெரியாது. போன் லாக்கரில். லைனை விட்டுவிட்டு ஓடினால் மறுநாள் கேட்டில் கார்டு வேலைசெய்யாது. சரி, வேலை போனால் போகட்டும் என்று ஓடினாலும் பஸ் கிடையாது. வயர்களை எடுத்து, நிறம் பார்த்துச் செருகி, டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. கொஞ்ச நேரத்தில் பால் தானாகவே வழிந்து யூனிஃபார்ம் நனைந்துவிட்டது. டாய்லெட்டுக்குப் போய்ப் பீச்சிவிட்டு வரலாம் என்றால் அதற்கும் இடத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அழுதேன். என்ன பெரிய மானம், எல்லாரும் பார்க்கத்தான் அழுதேன். கை மட்டும் டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து, "நவுருக்கா" என்று குரல் கேட்டது.

செல்வி. கழுத்துவரை ஈரம், காலில் செருப்பில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது.

"பாப்பா நல்லாக்கீது. வர்ற வழியில பாத்துட்டுதான் வந்தேன். ஸ்டெல்லா அக்கா மடியில தூங்கிக்கினு கீது. உங்க தெருவுல கணுக்கால் தண்ணிதான்" என்றாள். கையுறையை என் கையிலிருந்து அவளே உருவினாள். "கேட்டுல மினி லாரி ஒண்ணு நிக்கிது. படப்பை வழியாத்தான் போவுதாம், சொல்லி வெச்சிருக்கேன். ஓடு."

"உங்க வூட்டுல?" என்று கேட்டேன்.

"அது இன்னாக்கா, தூறல்தான்" என்றாள். நானும் அதற்குமேல் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டிய பிறகுதான் மழை எப்படிப்பட்டது என்று பார்த்தேன். எதிரே இருந்த ரோடு தெரியவில்லை.

அவள் சொன்ன கணுக்கால் தண்ணீர் எனக்கு இடுப்புவரை இருந்தது. எங்கள் வீட்டுக்குள் கேஸ் சிலிண்டர் மிதந்துகொண்டிருந்தது. ஆனால் பிள்ளை மாடியில், ஸ்டெல்லா அக்கா மடியில்தான் இருந்தது. வாயை வைத்ததும் குழந்தை விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

என்னை வெளியே அனுப்பிவிட்டு அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். ரோட்டில் தண்ணீர் வடிகிறவரைக்கும் அந்த எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டு என் இடத்திலேயே நின்றிருக்கிறாள். அதற்குள் மணிமங்கலத்தில் அவள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. அம்மாவை அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள், மற்றபடி ஒரு தட்டுமுட்டுச் சாமான் தேறவில்லை. அதன்பிறகு சில நாள் மூடிக்கிடந்த கம்பெனி மறுபடி திறந்த அன்று யாருடைய சுடிதாரையோ போட்டுக்கொண்டு வந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தேன். "டைம் ஆவுது, கையுற குடுக்கா" என்றாள். நான் போகும்போது, "நாளிக்கு மழ இருக்காது, வந்துருவேன்" என்றாள்.

கொஞ்ச நாளில் அந்த லைனை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். காண்டிராக்ட் ஆட்களை எல்லாம் நிறுத்தினார்கள், அவளையும் என்னையும் சேர்த்து. அவளுக்குக் கல்யாணமாகி எங்கோ ஆந்திரா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். இப்போது அந்தக் கட்டடம் குடோன். லைன் போன ஊரில் வயரை மெஷினே கட்டுகிறதாம். அதற்கு ரிலீவர் தேவையில்லை, வீட்டில் பசித்திருக்கப் பிள்ளையும் இல்லை. கேன்டீன் இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள்.

சாதத்தைக் கிளறி இறக்கிவைத்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மகள் போனில் எங்கள் தெருவரைக்கும் சிவப்பாகக் காட்டுகிற மழைப் படத்தைப் பார்த்துவிட்டு, "நாளிக்கு செம மழையாம்மா, நாளான்னிக்கும் மழை, அதுக்கு மறுநாளும்" என்று படித்தாள். எல்லாம் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு என்றுகூட அதில் இருக்கிறது. வந்துவிடுவேன் என்று மட்டும் அதில் யாரும் சொல்லவில்லை.